போர் தண்ணீருக்குத் தாங்குகிற கீசர் எது? சேலத்துக்காரர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாபேட்டையில் இருக்கிறோம். மேட்டூர் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் காணும், குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர். அந்த உப்பு மூன்றே வருடத்தில் கீசரைத் தின்றுவிட்டது. மெக்கானிக் கழற்றிக் காட்டினார், தண்ணீரைச் சூடாக்கும் காயில் மேல் விரல் தடிமனுக்கு வெள்ளையாகப் படிந்து, தட்டினால் முட்டை ஓடு மாதிரி உதிர்ந்தது. உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்குமாம், தொட்டி அரிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்ளுமாம், வருடா வருடம் பார்த்து மாற்ற வேண்டும் என்று வாங்கும்போது யாருமே சொல்லவில்லை, அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

இப்போது 15 லிட்டரில் புதிதாக வாங்க வேண்டும். கிளாஸ் லைனிங் (உள்ளே கண்ணாடிப் பூச்சு) தொட்டியா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? போர் தண்ணீரிலேயே ஐந்தாறு வருடம் ஓட்டியவர்கள் சொன்னால் நம்பி வாங்குவேன். மெக்னீசியம் கம்பி நம்ம ஊரில் தனியாகக் கிடைக்கிறதா?

அப்புறம் பாத்ரூம் குழாய். குரோம் பூச்சு உரிந்துவிட்டது. கனமான பித்தளையே போடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, பிளம்பரோ பிளாஸ்டிக் போதும் என்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி, மார்கழிக்குள் வெந்நீர் வந்தாக வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.