வட்டைப் பிரித்துச் சூடுபட்ட கதைகள்

ஹட்டனிலிருந்து:

லினக்ஸ் நிறுவும்போது வட்டில் இயங்குதளத்துக்கான ரூட் பிரிவுக்கு எவ்வளவு, சொந்தக் கோப்புகளுக்கான ஹோம் பிரிவுக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால் எனக்கு 2022 மார்ச்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. என்னிடம் இருந்தது 8 ஜிபி நினைவகமும் 120 ஜிபி எஸ்எஸ்டியும் கொண்ட பழைய மடிக்கணினி. பெட்டரி அரை மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். நிறுவிய அன்று, நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் பிரிவு வீண் இடம் என்று தள்ளிவிட்டேன். ரூட்டுக்கு 25 ஜிபி கொடுத்து, மிச்சத்தையெல்லாம் ஹோமுக்கு வாரி வழங்கியிருந்தேன்.

கரண்ட் போகும்போது திறந்த வேலையை அப்படியே வட்டில் எழுதிவைத்துக் கணினியை அணைக்கும் ஹைபர்நேட்டைச் செய்துவிடலாம் என்று பார்த்தால் வழியில்லை. நினைவகத்தில் இருப்பதை எழுதிவைக்க ஸ்வாப் அல்லவா வேண்டும்! உயர்தர மாணவர்களுக்குத் தயாரித்த வினாத்தாள் இரண்டு முறை பாதியில் போனது.

ஸ்வாப்புக்கு இடம் எடுக்க ஹோமைச் சுருக்குவது என்று முடிவெடுத்தேன். எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை போட்ட பிரிவைப் பயன்பாட்டில் இருக்கும்போதே பெரிதாக்கலாம். சுருக்குவதென்றால் அதைப் பயன்பாட்டிலிருந்து விடுவித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து தொடங்கி, ஜிபார்ட்டட் என்ற பிரிவு மாற்றும் கருவியில் அளவைக் குறைத்துவிட்டு, மின்வெட்டு அட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு முறை பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார், இரண்டும் ஆறிப்போயின. பிரிவின் வால் பக்கத்தை வெட்டியதால் பிழைத்தேன். தலைப்பக்கத்தை நகர்த்தியிருந்தால் உள்ளே இருந்ததெல்லாம் இடம்பெயர வேண்டியிருக்கும். அதற்குள் கரண்ட் போயிருக்கும்.

பண்டாரவளையிலிருந்து:

அண்ணா, தனிப் பிரிவுக்குப் பதில் ஸ்வாப் கோப்பு ஒன்று போட்டிருந்தால் அந்த அவஸ்தையே தேவைப்பட்டிருக்காதே?

என் கதை சின்னது. கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் (boot) பிரிவைத் தனியாகப் பிரித்து 200 எம்பி கொடுத்தேன். பழைய கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையக்கரு) அதில் குவிந்து, மூன்றாவது புதுப்பித்தல் இடமில்லை என்று பாதியில் நின்றுவிட்டது. இப்போது 1 ஜிபிக்குக் குறைத்துக் கொடுப்பதில்லை.

ஹட்டனிலிருந்து:

சாதாரண ஸ்வாப்புக்கு அது போதும், தம்பி. ஹைபர்நேட்டுக்கு அந்தக் கோப்பு வட்டில் எங்கே தொடங்குகிறது என்று கெர்னலுக்கும் சொல்லிவைக்க வேண்டும். அன்று அந்த வித்தை எனக்குத் தெரியாது.

தலவாக்கலையிலிருந்து:

உங்கள் இருவருக்கும் போனது சொந்த வேலை. நான் மாட்டியது ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில், 9ஆம் திகதி காலையில். மறுநாள் சம்பளம்.

பதிவுகளும் மாறும் தரவுகளும் சேரும் வார் (var) பிரிவுக்கு 5 ஜிபி போதும் என்று நான்தான் பிரித்திருந்தேன். கொழுந்துத் தராசின் கேபிள் தளர்ந்திருக்கிறது; அதைப் படிக்கும் நிரல் வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை பதிவுக் கோப்பில் பிழைச் செய்தி எழுதியிருக்கிறது. இரண்டு நாளில் வார் நிரம்பிவிட்டது. தரவுத்தளமும் அதே பிரிவில்தான் இருந்தது, அதுவும் நின்றது. பக்கத்தில் ஹோம் 400 ஜிபியோடு காற்றாடிக்கொண்டிருந்தது! கிளார்க் ஐயா ஒன்றும் பேசவில்லை, பழைய செக்ரோல் (சம்பளப் பதிவு) புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பதிவுக் கோப்பை வெட்டி அன்று சமாளித்தேன். பிறகு பிரிவுகளின் அளவைப் பின்னால் மாற்ற விடும் எல்விஎம் போட்டு மறுபடி நிறுவினேன். வாருக்கு 40 ஜிபி, பதிவுகளுக்குத் தனியாக 5 ஜிபி. வட்டில் பாதியை யாருக்கும் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். தேவைப்படும் பிரிவுக்கு அதிலிருந்து கொடுக்க இரண்டு நிமிடம் போதும், கணினியை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை போடுகிறவர்கள் கவனம்: அது வளரும், சுருங்காது.

நுவரெலியாவிலிருந்து:

லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை போட்டால் எல்லாப் பிரிவுகளும் ஒரே குளத்திலிருந்து இடம் எடுத்துக்கொள்ளும். இத்தனை கணக்கு எதற்கு?

தலவாக்கலையிலிருந்து:

குளமே வற்றும்வரை அந்தத் தராசு எழுதியிருக்கும், ஐயா. அங்கேயும் பதிவுகளுக்கு ஒரு கோட்டா (உச்ச வரம்பு) போட்டுவிடுங்கள்.