ரஜினியின் 'பாபா' 2002-இல் ஏன் கவிழ்ந்தது? தியேட்டரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரைப் பையன்:
2022 டிசம்பரில் மறுபடி ரிலீஸ் ஆனபோதுதான் 'பாபா'வை முதல்முறையாகத் தியேட்டரில் பார்த்தேன். நீளத்தைக் குறைத்து, கிளைமாக்ஸை மாற்றிய பிரதி. அவ்வளவு மோசமாக ஒன்றும் தெரியவில்லை. ரஹ்மான் பாட்டுகள் இன்னும் போனில் ஓடுகின்றன. ஆனால் எங்கள் அப்பா அந்தப் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். படம் நிஜமாகவே சுமாரா, இல்லை நீங்கள்தான் எதையோ நினைத்துப் போய் ஏமாந்தீர்களா?

பால்கனி நம்பர் 12:
ரெண்டும்தான். 1999-இல் 'படையப்பா'. அப்புறம் மூன்று வருஷம் பட்டினி. பந்தியில் உட்கார்ந்தவன் பிரியாணி வரும் என்று இலையைத் துடைத்து வைத்திருந்தான். வந்தது சுண்டல் பிரசாதம். பிரசாதத்தில் குறையில்லை.

கேண்டீன்காரர்:
தம்பி, நான் படம் பார்த்தவன் இல்லை, முறுக்கு விற்றவன். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் தியேட்டர் கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். படம் தேறுமா தேறாதா என்பது முதலாளிக்கு முன்னால் கேண்டீனுக்குத் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை. விடியும் முன்பே கட்அவுட்டுக்குப் பால், சூடம், மேளம் எல்லாம் ஆயிற்று. சனி, ஞாயிறு வேறு ஒட்டி வருகிறதே என்று வழக்கத்தைவிட மூன்று மடங்கு சரக்கு இறக்கினேன். அதோடு நின்றிருக்கலாம். போஸ்டரில் தலையில் துணி கட்டிக்கொண்டு நிற்கிறாரே, அதைப் பார்த்து ஈரோடு போய் 200 துணி மொத்தமாக வாங்கி வந்துவிட்டேன். ஒன்று 10 ரூபாய் என்று விற்றேன். முதல் காட்சி தொடங்குமுன் 60 சொச்சம் போய்விட்டது. கல்லாவை இரண்டு தடவை எண்ணினேன்.

இடைவேளை விட்டது. 'படையப்பா'வுக்கு எப்படித் தெரியுமா? ஒருத்தன் காலை ஒருத்தன் மிதித்துக்கொண்டு டீக்குக் கை நீட்டுவான். மீதிச் சில்லறையை மறந்துவிட்டு ஓடுவான். அன்றைக்கு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ரஜினி படத்து இடைவேளையில் வரிசை! சில்லறையை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

ஒரு பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, ஏழு மந்திரம் கையிலே இருக்கு, அதைப் பட்டம் பிடிக்கவா செலவழிப்பான்?" இதைவிடச் சுருக்கமான விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

படத்தில் பாபாவுக்கு நினைத்ததை நடத்தித் தரும் ஏழு மந்திரம் கிடைக்கும், அதில் ஒன்றைப் பறக்கும் பட்டத்தைக் கைக்கு வரவைத்தே தீர்த்துவிடுவார். சாமியை நம்பாதவன் கையில் சக்தி கிடைத்தால் சோதித்துத்தான் பார்ப்பான். கதைக்குச் சரி. ஆனால் 'அண்ணாமலை', 'பாட்ஷா' எடுத்த அதே சுரேஷ் கிருஷ்ணா, அதே ரஜினி. டிக்கெட் வாங்கியவன் மனசுக்குள் அந்தப் படங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. போதாததற்கு, 1996 தேர்தலில் ஜெயலலிதாவுக்கு எதிராக ரஜினி சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு எல்லாருக்கும் அரசியல் ஆசை வேறு. கடைசியில் இமயமலைப் பக்கம் போகாமல் ஜனங்களிடம் திரும்புகிறார் என்றதும் கொஞ்சம் விசில் கேட்டது. அதற்குள் பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

திங்கள்கிழமை இரண்டாம் ஆட்டத்துக்கு நாற்பது தலைகூட இல்லை. முறுக்கு நமுத்துப் போயிற்று.

வேலூர்க்காரன்:
அண்ணே, எல்லாப் பழியையும் கதைமேல் போடாதீர்கள். சிகரெட், குடி காட்சிகளை எதிர்த்து பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் அறிக்கை விட்டு, எங்கள் வட மாவட்டங்களில் நடந்த ரகளையை மறந்துவிட்டீர்களா? சில இடங்களில் ஃபிலிம் சுருள் இருந்த படப்பெட்டியே பறிபோனது. பயந்துகொண்டு யார் குடும்பத்தோடு வருவான்?

கேண்டீன்காரர்:
உண்மைதான் தம்பி, உங்கள் பக்கம் அது பெரிய அடி. ஆனால் எங்கள் ஊரில் ஒரு கல்கூட விழவில்லை. காவலுக்கு வந்த போலீஸ்காரர் இரண்டாம் நாளே என் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கினார். அங்கேயும் சீட் காலிதானே?

என்னைக் கேட்டால் பாதிக் கோளாறு விலையில். ரஜினி என்ற பெயருக்காக, விநியோகஸ்தர்களுக்குப் படத்தை விற்ற விலையை ஏரியா ஏரியாவாக ஏற்றிவிட்டார்கள். நிறுத்தி நிதானமாக ஓடியிருந்தால்கூடப் போட்ட காசு வந்திருக்காது. தயாரிப்பும் ரஜினியே என்பதால் அவர்களுக்கு நஷ்டத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மனசு பெரிது. ஆனால் கேண்டீன் வரைக்கும் அந்தக் காசு வராதே! மிச்சத் துணிகளை வைத்து 2005-இல் 'சந்திரமுகி' வரும்வரை டீ கிளாஸ் துடைத்தேன். சூடு கண்ட பூனை, 'சந்திரமுகி'க்கு எதையும் மொத்தமாக வாங்கவில்லை. அது பாட்டுக்கு ஓடு ஓடென்று ஓடியது.

வைகைக்கரைப் பையன்:
இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் சிரித்தார். அவரும் அன்றைக்கு அப்படி ஒரு துணி வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போனாராம். 25 ரூபாய் கொடுத்தேன் என்கிறார்.

கேண்டீன்காரர்:
25-ஆ? அட, மதுரையில் கடை போட்டிருக்கலாம்.