6.5×55 ரவைத் துவக்கு: படுத்துச் சுடேக்க வெடியள் மேல-கீழ இழுபடுது, துவக்கை மாத்தவோ?

ஒஸ்லோத்தம்பி:
வணக்கம் அண்ணைமார், அக்காமார். நோர்வேயில வேட்டைக்காரர் பரீட்சை பாஸ். இனி பெரிய மிருகத்துக்கான சுடுபரீட்சை: 100 மீற்றரில ரெயின்டியர் படம், அஞ்சு வெடி, அஞ்சும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள்ள விழவேணும். மேசையில மணல்மூட்டை வைச்சுச் சுட்டா அஞ்சு ஓட்டையையும் உள்ளங்கையால மூடலாம். நிலத்தில படுத்து பைபொட்டில (குழலுக்குக் கீழ பூட்டுற ரெண்டு கால் தாங்கி) சுட்டா மேலயிருந்து கீழ கோடு கீறினமாதிரிப் போகுது, இடம் வலம் பெரிசா விலகேல்லை. சுடுகளத்தில ஒருத்தர், எல்க்குக்கு (பெரிய மான் இனம்) 6.5 மில்லிமீற்றர் ரவை காணாது, அதைவிடப் பலமான .300 வின்செஸ்டர் மாக்னம் ரவைத் துவக்கு வாங்கு எண்டார். செப்டெம்பர் 25 எல்க் வேட்டை தொடங்குது. என்ன செய்ய?

ஹாமார் அண்ணை:
தம்பி, துவக்கை விக்காதை. மேசையில ஒழுங்காப் போற துவக்கு நிலத்தில மட்டும் கெட்டுப்போகாது. மேல-கீழ இழுபடுறதுக்கு முதல் காரணம் மூச்சு. படுத்திருக்கேக்க மூச்சை உள்ள இழுத்தா நெஞ்சு உயரும், தோளோட சோங்கும் (துவக்கின்ர பின்கட்டை) உயரும், குழல் வாய் கீழ போகும். விட்டா மறுபடி மேல. சாதாரணமா மூச்சை விட்டுமுடிச்ச பிறகு தானா வாற அந்த அமைதியில ரிகரை அமத்து. நெஞ்சு முட்ட இழுத்துப் பிடிச்சுக்கொண்டு சுடாதை.

அடுத்தது, ரவை போடாமல் குறி வைச்சுக் கண்ணை மூடு. ரெண்டு மூச்சு விட்டிட்டுத் திற. ஸ்கோப்புக்குள்ள தெரியிற குறுக்குக்கோடு மேலயோ கீழயோ போயிருந்தா, நீ தசையால துவக்கை வலுக்கட்டாயமாப் பிடிச்சு வைச்சிருக்கிறாய். கையால திருத்தாதை, உடம்பை முன்னுக்கு பின்னுக்கு நகத்து. வலது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி மேல இழுத்தா வயிறு நிலத்தை விட்டு எழும்பும், நாடித்துடிப்பும் குறுக்குக்கோட்டில குறையும். பைபொட் சீமெந்தில நிண்டா துள்ளும், கீழ ஒரு பாய் போடு.

மலைக்காரி:
சன்னத்தைப் பற்றி நான் சொல்லுறன். எல்க்குக்கு இஞ்ச சட்டம் பாக்கிறது விட்டத்தை இல்லை, சன்னத்தின்ர பாரத்தையும் அது அடிக்கிற சக்தியையும்தான். 9 இலிருந்து 10 கிராம் வரைக்கும் சன்னம் எண்டா 100 மீற்றரில 2700 ஜூல் வேணும், 10 கிராமும் அதுக்கு மேலயும் எண்டா 2200 ஜூல் போதும். 6.5×55 இன்ர 10.1 கிராம் சன்னம் அதைத் தாராளமாத் தாண்டும். 1894 இல வந்த நோர்வே ஆமித் துவக்கு கிராக்-யோர்கென்சன் காலத்திலயிருந்து இந்த ரவையால நோர்வேயில எல்க் விழுந்துகொண்டுதான் இருக்கு. மாக்னத்தின்ர உதைப்புப் பெரிசு. படுத்திருக்கேக்க உடம்பு பின்னால சாய இடமில்லை, முழு உதையும் தோளிலதான். உதைக்குப் பயந்து கண் மூடப் பழகினா அதை மாத்துறது பெரிய பாடு.

பயிற்சிக்கு என்ன ரவை பாவிக்கிறீங்கள்? முழு உறைச் சன்னத்தால எல்க் சுடேலாது, விரியிற சன்னம்தான் வேணும். ரெண்டும் ஒரே இடத்தில விழும் எண்டு நினைக்காதேங்கோ. வேட்டை ரவையாலயே குறி பூட்டுங்கோ (வெடி குறியில விழுற மாதிரி ஸ்கோப்பைச் சரிபண்ணுறது).

ஒஸ்லோத்தம்பி:
அண்ணை, கண்ணை மூடித் திறந்தன்: குறுக்குக்கோடு ரெயின்டியர்ர முதுகுக்கு மேல நிக்குது! உடம்பை நகத்தி, மூச்சையும் பாத்துச் சுட்டன். வெடியள் இப்ப வட்டமாச் சேருது. ஆனா ஸ்கோப் ஓரத்தில பிறை மாதிரிக் கறுப்பு நிழல் வருகுது.

ஹாமார் அண்ணை:
படுக்கேக்க தலை தானா முன்னுக்குப் போகும். ஸ்கோப் வளையத்தைத் தளத்திக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளு, பிறகு திரும்பவும் குறி பூட்டு. கன்னம் ஒவ்வொரு வெடிக்கும் சோங்கில அதே இடத்தில படவேணும். கிட்டக் கிடந்தா புருவம் வெட்டுப்படும்.

மலைக்காரி:
காட்டுக்கு ஒண்டு. ஸ்கோப் குழலுக்கு மேல நாலஞ்சு சென்ரிமீற்றரில இருக்கு. படுத்திருக்கேக்க கண்ணுக்கு எல்க் முழுசாத் தெரியும், குழலுக்கு முன்னால கல்லோ புளுபெரிப் பத்தையோ நிக்கும். சுட முந்தி ஒருக்காத் தலையைத் தூக்கிக் குழலின்ர நேரில பாருங்கோ. மிருகத்துக்குப் பின்னால மண்மேடு இல்லாட்டி சுடவேண்டாம், தாழ்வாயிருந்து சுடுற சன்னம் எங்க போய் நிக்கும் எண்டு சொல்லேலாது. பத்தைக் காட்டில படுக்க இடமே கிடைக்காது, இருந்து சுடுறதையும் நிண்டு சுடுறதையும் இப்பவே பழகுங்கோ.