51 வீதம் மட்டும் காணாது

குழு: ஹம்டன் லேன் அக்கா தங்கச்சிமார்

தர்ஷி: தையல் ஓடர் எடுக்கிற மொபைல் ஆப்புக்குக் கொம்பனி பதியப்போறம். வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பிக்க பெண்கள் நிறுவனமா இருக்கவேணுமாம். எனக்கு 51 வீதப் பங்கு, என்ர மனுசனுக்கு 49. போதும்தானே?

சிவகாமி அன்ரி: காணாது பிள்ளை. சர்வதேசத் தரங்களை வகுக்கிற ஐ.எஸ்.ஓ. 2021இல வெளியிட்ட ஆவணம் இருக்கு, ஐ.டபிள்யூ.ஏ. 34 எண்டு. அதின்படி பாதிக்கு மேல பங்கு பெண்ணிட்ட இருக்கவேணும், நிர்வாகமும் கட்டுப்பாடும் அவவின்ர கையில இருக்கவேணும். சட்டப் பத்திரத்திலயும் வங்கிக் கணக்கிலயும் அவ கையெழுத்து வைக்கவேணும். ஆம்பிளையளின்ர கொம்பனியில தொங்கிக்கொண்டு நிக்கவும் ஏலாது.

பர்ஹானா: பெண்கள் நிறுவனம் எண்டு சான்றிதழ் குடுக்கிற வீகனெக்ட்லயும் அதே கதைதான். 51 வீதம் முதல் படி மட்டும். யார் நடத்துறாங்க, யார் முடிவெடுக்கிறாங்க எண்டும் பாப்பாங்க.

தர்ஷி: கணக்கை ரெண்டு பேரும் சேர்ந்து திறக்கிற யோசனை 🙈

சிவகாமி அன்ரி: திறவுங்கோ. ஆனா வங்கிக்குக் குடுக்கிற பணிப்பாளர் தீர்மானத்தில "இருவரும் சேர்ந்து" எண்டு போட்டா, அவர் இல்லாம நீ ஒரு செக்கும் எழுத ஏலாது. "தர்ஷி தனித்து" எண்டு போடு. பெண் தொழில்முனைவோருக்கான வீ-ஃபை (We-Fi) மாதிரி நிதிகள் உன்ர கைக்கு நேரா வாறேல்லை. 2017இல ஹாம்பர்க் ஜி20இல தொடங்கினது, உலக வங்கியில இருக்கு. ஆசிய அபிவிருத்தி வங்கி மாதிரி ஆக்கள் ஊடாத்தான் இறங்கும், பிறகு இஞ்சத்தைய வங்கி. அதால அந்தத் தீர்மானத்தை வாசிக்கிற ஆள் வங்கிக்காரர்தான்.

நிரோஷன் அண்ணா: ஆர்டிகிள்ஸை, அதாவது கொம்பனியின்ர உள்விதிகளை, ஒருத்தரும் வாசிக்கிறேல்லை, அங்கதான் வில்லங்கம். 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில விசேட தீர்மானத்துக்கு 75 வீத வாக்கு வேணும். ஆர்டிகிள்ஸை மாத்திறதுக்கும் அதுதான். 51ஐ வச்சுக்கொண்டு நீ தனிய ஒரு வரியும் மாத்த மாட்டாய், 49 மறிச்சுப்போடும். ஏலுமெண்டா 76க்கு 24. இல்லாட்டி முதல் நாளே எல்லாம் சரியா எழுது. "எல்லாப் பணிப்பாளரும் சம்மதிச்சால்" எண்ட வசனம் எங்க கிடந்தாலும் வெட்டு.

தர்ஷி: பதியிறது கம்பனிப் பதிவாளரின்ர இணையத்தளம் ஈரொக்லதானே?

நிரோஷன் அண்ணா: ஓம். பெயர் அனுமதி எடுத்து ஃபோர்ம் 1, பணிப்பாளருக்கு ஃபோர்ம் 18, செயலாளருக்கு ஃபோர்ம் 19, அதோட ஆர்டிகிள்ஸ். பெயரை ஐ.டி.யில உள்ள மாதிரியே போடு. இனிஷியல் ஒரு இடத்தில முன்னுக்கு, மற்ற இடத்தில விரிச்சு எண்டா டொலர் வரேக்க வங்கி மறிக்கும்.

பர்ஹானா: ஆப்பையும் பாருங்க. டொமைன், கிளவுட், பிளே ஸ்டோர் யார்ட ஈமெயில்ல இருக்கு? கொம்பனி பெயர்ல பிளே ஸ்டோர் கணக்கு எடுக்க, கொம்பனியை அடையாளம் காட்டுற டன்ஸ் (D-U-N-S) இலக்கம் கேப்பாங்க. அது இலவசம், ஆனா வாரக்கணக்கில இழுக்கும், இப்பவே போடுங்க. தனிப்பட்ட புதுக் கணக்கெண்டா 12 பேரை வச்சு 14 நாள் விடாம சோதிக்கணும். கோட் எழுதுற பொடியனிட்ட உரிமையைக் கொம்பனிக்கு எழுத்தில வாங்கி சைன் வைக்கச் சொல்லுங்க. வாய்ப்பேச்சு செல்லாது.

தர்ஷி: கிளவுட் பில் அவரின்ர கார்ட்ல போகுது.

சிவகாமி அன்ரி: நிப்பாட்டு. செலவைக் காட்டிக் காசு திருப்பி எடுக்கிற நிதியெண்டா, தனியாள் கார்ட்ல போன பில்லைத் தள்ளிவிடுவினம். இன்வொய்சும் கொம்பனி பெயரில, கட்டினதும் கொம்பனிக் கணக்கில இருந்து.

பர்ஹானா: வெளிநாட்டு வங்கியில இருந்து ஸ்விஃப்ட்ல காசு அனுப்பேக்க கட்டணத்தை அனுப்புறவங்களே ஏற்கச் சொல்லி ஒப்பந்தத்தில கேளுங்க. பங்கிட்டா நடுவில இருக்கிற வங்கி கொஞ்சத்தை வெட்டும், பிறகு அறிக்கையில தொகை பொருந்தாது. பேபால் நம்பாதீங்க, இலங்கைக் கணக்குக்கு அதில காசு வாங்க ஏலாது.

நிரோஷன் அண்ணா: ஜெனீவாவில இருக்கிற நிதிக்காரர் விண்ணப்ப முடிவு நேரம் இரவு 11.59 எண்டு போட்டா எங்களுக்கு விடிய 4.29, அவையின்ர கோடையில 3.29. அந்த நேரம் கரண்ட் போனா அரோகரா, முதல் நாளே அனுப்பு.

தர்ஷி: ஆர்டிகிள்ஸ் டிராஃப்ட் இருக்கு, இதில போடவா?

நிரோஷன் அண்ணா: குழுவில வேண்டாம், ஐ.டி. இலக்கம் கிடக்கும். எனக்குத் தனிய அனுப்பு.