மறு: ஸ்டைலஸ் – எழுத்தாணியா, தொடுகோலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தொடுதிரையில் எழுதும் பேனாவான ஸ்டைலஸுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று நம் மொழிபெயர்ப்புக் குழுவில் நடக்கும் இந்த இழையை மூன்று நாட்களாகப் படித்துவருகிறேன். எழுத்தாணிக் கட்சி, தொடுகோல் கட்சி என்று இரண்டாகப் பிரிந்துவிட்டோம். எனக்கென்னவோ இரு தரப்பும் வெவ்வேறு பொருள்களை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லுக்காகச் சண்டையிடுவதாகத் தோன்றுகிறது.

நாம் மொழிபெயர்க்க எடுத்துக்கொண்டிருப்பது, பழைய டேப்லெட்டுக்கு ஸ்டைலஸ் தேர்ந்தெடுக்கும் உதவிக் குறிப்பு. அந்தக் குறிப்பு இல்லாத காலத்தில் அகப்பட்டவர்களில் நானும் ஒருவன். ‘தொடுதிரைகளுக்கு இணக்கமானது’ என்று எழுதியிருந்த பேனா ஒன்றை வாங்கினேன். மின்னேற்றம் ஆயிற்று, விளக்கு எரிந்தது, திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. பேனா பழுதில்லை, என் டேப்லெட்டும் பழுதில்லை. இரண்டும் வேறு வேறு நெறிமுறையில், அதாவது சைகை பரிமாறும் விதிகளில், பேசின. பெட்டியின் மேல் இருந்த சொல்தான் பழுது.

ரப்பர் முனை கொண்ட எளிய குச்சியை எடுத்துக்கொள்வோம். அது உடலின் மின்கடத்தும் தன்மையைத் திரைவரை கொண்டுசெல்கிறது, அவ்வளவுதான். டேப்லெட்டைப் பொறுத்தவரை அதுவும் ஒரு விரல். ஆகவே விரலின் மின்கடத்தலை உணரும் மின்தேக்கு வகைத் தொடுதிரை எதிலும், எவ்வளவு பழையதானாலும், அது வேலை செய்யும். அழுத்தம் தெரியாது, கையைத் திரையில் ஊன்றினால் கையும் சேர்ந்து கோடு போடும்.

மற்ற வகை தன்னை யாரென்று டேப்லெட்டுக்குத் தெரிவிக்கும் பேனா. இதில்தான் பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. வேக்கம் நிறுவனத்தின் மின்காந்த முறையில், திரைக்குப் பின்னால் உள்ள தகடு ஒரு புலத்தை எழுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதே அதிர்வெண்ணில் அதிர்ந்து பதில் தருகிறது. பேனாவுக்கு மின்கலமே வேண்டாம். 2011இல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட்டின் பேனா இந்த வகை. பின்னால் தகடு இல்லாத டேப்லெட்டில் இந்தப் பேனா வெறும் குச்சி. வேறு சில முறைகளில் மின்கலம் போட்ட பேனா தானே சைகை அனுப்பும். திரையில் உள்ள தொடு உணரி அந்தச் சைகையைப் படிக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

ஒரே நிறுவனம், ஒரே வரிசை என்று நம்பவும் முடியாது. மைக்ரோசாப்டின் முதல் இரண்டு சர்பேஸ் புரோக்கள் வேக்கம் முறை. 2014இல் வந்த சர்பேஸ் புரோ 3, என்-டிரிக் என்ற வேறு நிறுவனத்தின் முறைக்கு மாறியது. பழைய பேனா புதியதில் எழுதாது, புதிய பேனா பழையதில் எழுதாது. ஆப்பிள் பென்சில் 2015இல் ஐபேட் புரோவுடன் வந்தது. 2014இன் ஐபேட் ஏர் 2இல் எந்த ஆப்பிள் பென்சிலும் எழுதாது. 2018இல் வந்த ஆறாம் தலைமுறை ஐபேட் முதல் தலைமுறைப் பென்சிலை ஏற்கும், அதே ஆண்டு வந்த இரண்டாம் தலைமுறைப் பென்சிலை ஏற்காது. திருமணப் பொருத்தம்கூட இவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதில்லை.

எனவே என் முன்மொழிவு: விரலைப் போல நடிப்பது ‘விரற்கோல்’. தன்னை அறிவித்துக்கொண்டு எழுதுவது ‘எழுத்தாணி’.

> தொடுகோல் ஏற்கெனவே சிலர் புழங்கும் சொல்தானே?

புழங்குகிறது. ஆனால் வடிவியலில் ‘தொடுகோடு’ உட்கார்ந்திருக்கிறது. காதால் கேட்டால் இரண்டும் ஒன்றாகவே விழும். பள்ளி மாணவர் டேப்லெட்டில் தொடுகோலால் தொடுகோடு வரையும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

> எழுத்தாணி ஓலையைக் கீறும் இரும்பு. கண்ணாடித் திரைக்குப் பக்கத்தில் ‘ஆணி’ வேண்டுமா?

எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம், யாரும் எள்ளைத் தேடுவதில்லை. நாளேட்டில் ஓலை இல்லை. எழுத்தாணியில் இரும்பு இல்லாமல் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அந்த மின்காந்த முறையில் சுருள் அதே அதிர்வெண்ணில் அதிர்வதற்குத் தமிழகப் பாடநூலை ஒட்டி ‘ஒத்ததிர்வு’ என்று எழுதலாம். இலங்கைப் பாடநூல்களில் இதே கருத்துக்குப் ‘பரிவு’ என்ற சொல் உண்டு. தகடு அழைக்க, சுருள் பரிந்து பதில் சொல்கிறது! என் வாக்கு ‘பரிவு எழுத்தாணி’க்கே. நீளத்திலும் சிறியது.

அடுத்தது, டேப்லெட்டுக்குப் பொருந்தும் பேனாவுக்கு நம் மொழிபெயர்ப்பு வரைவில் உள்ள ‘ஒத்திசைவான எழுத்தாணி’. தயவுசெய்து வேண்டாம். கோப்புகளைச் சாதனங்களுக்கிடையே ஒரே நிலையில் வைப்பதற்கு ஒத்திசைவு என்று பல செயலிகளில் எழுதிவிட்டோம். ‘இணக்கமான’ என்பதும் எதனோடு இணக்கம் என்று சொல்லாமல் நழுவுகிறது. நான் ஏமாந்தது அந்தச் சொல்லில்தான். ‘உங்கள் மாதிரிக்குரிய எழுத்தாணி’ என்று எழுதினால் போதும். உரிய என்றவுடன் எதற்குரிய என்ற கேள்வி வரும். மாதிரி எண்ணைப் பார்க்கக் கை போகும். வேண்டியது அதுதான்.

‘அனைத்துலக எழுத்தாணி’யும் இப்படித்தான். 2015இல் தொடங்கிய யுனிவர்சல் ஸ்டைலஸ் இனிஷியேட்டிவின் நெறிமுறையைப் பின்பற்றும் பேனா அது. டேப்லெட்டும் அதே நெறிமுறையை அறிந்திருக்க வேண்டும். பழையவற்றுக்குப் பெரும்பாலும் தெரியாது. ‘பொதுநெறி எழுத்தாணி’ என்றால் நெறி ஒன்று உண்டு என்பதாவது புரியும்.

எழுதும்போது திரையில் படும் கையை டேப்லெட் பொருட்படுத்தாமல் விடும் வசதிக்கு வைத்த ‘உள்ளங்கை நிராகரிப்பு’ பற்றி: பெண் கேட்டுப் போய்த் திரும்பியவர் கதைபோல் இருக்கிறது. ‘கையூன்றல்’ என்று போடலாம். பயனர் செய்வது அதுதானே, கையை ஊன்றி எழுதுகிறார்.

அன்புடன்.

—

> மின்கலம் இருந்தால் எழுத்தாணி, இல்லாவிட்டால் விரற்கோல் என்று எளிதாகச் சொல்லிவிடலாமா? இரண்டுக்கும் பொதுவான சொல் எது? மேலும் ‘விரற்கோல்’ என்று யார் தட்டச்சு செய்து தேடப்போகிறார்கள்? எல்லோரும் ‘விரல்கோல்’ என்றுதான் எழுதுவார்கள்.

மின்கலத்தை அளவுகோலாக வைக்க முடியாது, ஐயா. பரிவு எழுத்தாணியில் மின்கலம் இல்லை. மாறாக, மெல்லிய முனையும் மின்கலமும் கொண்டு, எந்தத் தொடுதிரையிலும் எழுதும் என்று விற்கப்படும் பேனாக்கள் பல, மின்சாரத்தால் விரலைப் போல நடிப்பவை. அவையும் விரற்கோல்களே. பழைய டேப்லெட் வைத்திருப்பவருக்குப் பல நேரங்களில் அதுவே போதும். படம் வரையாமல் குறிப்பு மட்டும் எடுப்பவர் என்றால் தாராளமாக.

பொதுச்சொல் மென்பொருளுக்குத் தேவைப்படாது. விரற்கோல் அமைப்புகளின் கண்ணுக்கே தெரியாது. அதை விரல் என்றுதான் டேப்லெட் எண்ணுகிறது. அமைப்புகளில் ஸ்டைலஸ் என்று வரும் இடமெல்லாம் எழுத்தாணிதான். உதவிக் குறிப்பின் தலைப்பில் மட்டும் ‘தொடுதிரைப் பேனா’ என்று போட்டுவிடலாம்.

சந்தியில் தோற்றேன். விரல் அகல அளவைக் குறிக்கும் ‘விரற்கடை’ இருக்கும்போது ‘விரற்கோல்’ ஏன் இருக்கக்கூடாது என்று வாதாடத் தயாராக இருந்தேன்; ஆனால் தேடுபெட்டி இலக்கணம் பார்ப்பதில்லை. ‘விரல்கோல்’ என்றே சொற்கோவையில் ஏற்றுகிறேன்.

இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. எழுத்தாணி திரையைத் தொடாமல், ஒரு விரற்கடைக்கும் குறைவான உயரத்தில் நிற்கும்போதே திரையில் சுட்டி தோன்றுமே, அந்த நிலைக்கு என்ன சொல்வது? வரைவில் ‘மிதவை’ என்றிருக்கிறது. கட்டுமரம் நினைவுக்கு வருகிறது. வேறு ஏதாவது சொல்லுங்கள்.