கோழி சீக்கத்துல புது பாக்டீரியா: கண்டுபிடிச்சதுக்கப்புறம்தான் நாக்கு தள்ளிச்சு

புது பாக்டீரியா கண்டுபிடிக்கறதுல எல்லாரும் சீக்வென்சிங், அதாவது டிஎன்ஏ படிக்கறதுதான் கஷ்டம்னு நினைக்கறாங்க, அதான் இருக்கறதுலயே ஈசி. பாக்டீரியாவ அடையாளம் காட்டற 16எஸ் ஜீன அனுப்பினா ரிப்போர்ட் வந்துடும், தெரிஞ்ச ஸ்பீசிஸோட 98.7 சதவீதத்துக்குக் கீழ ஒத்துப்போனா புதுசா இருக்க வாய்ப்பு உண்டு, அப்புறம் முழு ஜீனோம் (மொத்த டிஎன்ஏ) போட்டு ஏஎன்ஐ, அதாவது ரெண்டு ஜீனோமும் எவ்ளோ ஒத்துப்போகுதுங்கற கணக்கு, 95-96 சதவீதத்துக்குக் கீழ வந்தா கிட்டத்தட்ட முடிஞ்சுது. அந்தப் பாக்டீரியாப் பயல உயிரோட வெச்சிருக்கறதுலதான் நம்ம உயிர் போகும்.

சீக்கம்ங்கறது சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற எடத்துல இருக்கற முட்டுச்சந்து மாதிரி பை, கோழிக்கு ரெண்டு. ஒரு கிராம் சரக்குல ஆயிரம் கோடி பாக்டீரியாவுக்கு மேல இருக்கும், அதுல நிறைய காத்து பட்டாலே செத்துடும், அதனால வெட்டின உடனே வேணும். சைதாப்பேட்டைல ஒரு கடைல போய் பாய், கொடல பிய்க்காம முழுசா குடுங்கன்னேன். "நாய்க்காமா?"ன்னாரு. ஆராய்ச்சிக்குன்னதும் ஒரே சிரிப்பு, "அதுல இன்னாத்தமா ஆராயப்போற, நான் தெனம் கூடை கூடையா கொட்றேன்"னாரு, ஆனா அன்னிலேர்ந்து நான் போனா மொதல் கோழி எனக்குத்தான். ரெண்டு முனையும் நூல் போட்டு அங்கேயே கட்டி, ஆக்சிஜன் இல்லாத ஆனரோபிக் ஜார்ல வெச்சு மூடி, மடில வெச்சுக்கிட்டு ஆட்டோல வருவேன், சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் மனசு அடிச்சுக்கும்.

லேப்ல மீடியத்துக்கு, அதாவது பாக்டீரியா வளக்கற சத்துக் கரைசலுக்கு, ரெசசூரின்னு ஒரு சாயம் போடுவோம், ஆக்சிஜன் இருந்தா பிங்க், இல்லன்னா கலரே இருக்காது. கொதிக்க வெச்சு, நைட்ரஜன் ஓடவிட்டு, மிச்ச ஆக்சிஜனயும் போக்க சிஸ்டீன் சேத்து, பிங்க் போனதும் ரப்பர் ஸ்டாப்பர அமுக்கி உலோக மூடியால இறுக்கி கிரிம்ப் பண்ணணும். ராபர்ட் ஹங்கேட்ங்கற அமெரிக்க நுண்ணுயிரியல் ஆராய்ச்சியாளர் 1950ல மாட்டு வயித்து பாக்டீரியாவுக்கு எழுதி வெச்சதுதான், இன்னிக்கும் அடிப்படை அதான். சிரிஞ்ச உருவும்போது கை லேசா ஆடினா போதும், மேல மெல்லிசா ஒரு பிங்க் கோடு வரும் பாருங்க, வயித்தக் கலக்கிடும்.

எனக்குக் கிடைச்சவன் தனியா வளரவே மாட்டேன்னுட்டான். பிளேட்ல பக்கத்துல இன்னொரு காலனி (வேற பாக்டீரியாக் கூட்டம்) இருந்தா குண்டூசித் தலை சைஸுக்கு வருவான், எடுத்து தனி பிளேட்ல தேச்சு ஸ்ட்ரீக் பண்ணா ஒண்ணுமே வராது, கூட்டுக் குடித்தனத்துல வளந்த பிள்ள மாதிரி. ஹீமின், வைட்டமின் கேன்னு வளர்ச்சிக்கு உதவற சத்தெல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. கடைசில அந்தப் பக்கத்துக் காலனி வளந்த மீடியத்த ஃபில்டர் பண்ணி கலந்தப்பதான் எந்திரிச்சான்.

அதோட விட்டுதா? வெக்கற பேரு முறைப்படி வேலிட் ஆகணும்னா டைப் ஸ்ட்ரெய்ன, அதாவது அந்த ஸ்பீசிஸுக்கு அடையாளமா வெக்கற மாதிரிய, பாக்டீரியா சேமிச்சு வெக்கற ரெண்டு வேற வேற நாட்டு கல்ச்சர் கலெக்ஷன்ல குடுத்திருக்கணும், சண்டிகர் எம்டிசிசி, ஜெர்மனி டிஎஸ்எம்இசட் மாதிரி. வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா 2002 பல்லுயிர் சட்டத்தையும் பாத்துக்கணும், அதப் பாத்துக்கற தேசிய பல்லுயிர் ஆணையம் நம்ம தரமணி டைசல் பயோ பார்க்லயே இருக்கறதால சென்னைக்காரங்களுக்கு அலைச்சலாவது மிச்சம். இத்தன பாடுபட்டு வாங்கற பேரும் நிரந்தரமில்ல, 2006ல கோழி சீக்கத்துலேர்ந்து பேக்டீராய்டஸ் பார்னீசியேன்னு வெச்சாங்க, இப்ப ஜீனஸே மாறி ஃபோகேய்கோலா ஆயிடுச்சு. 2022ல சீக்கோட்ங்கற பேர் வெக்கற விதிமுறை வந்ததுக்கப்புறம் ஜீனோம மட்டும் வெச்சும் பேர் வெக்கலாம். எனக்கென்னவோ அது மனசுக்கு ஒப்பல, கைல உயிரோட இல்லாத ஒண்ணுக்குப் பேர் வெச்சு கோழிக்கு என்ன லாபம்?

*

கோழிக்கு லாபம்னு சொன்னீங்களே, அது பாயிண்ட். நான் வெட்னரி, மாதவரம் பக்கம். 1973லயே ஃபின்லாந்துல நூர்மியும் ரண்டாலாவும் வளந்த கோழியோட குடல் சரக்க குஞ்சுக்குக் குடுத்து சால்மோனெல்லா ஒட்டாம பண்ணிக் காட்டினாங்க. ஹேச்சரி குஞ்சு தாய்க்கோழி மூஞ்சியே பாக்கறதில்ல, பொரிஞ்சதும் டிரேல ஏறி நேரா ஷெட்டுக்குப் போகுது, நல்ல பாக்டீரியா எங்கேர்ந்து வரும்? 2019ல கோலிஸ்டின்ங்கற ஆன்டிபயாட்டிக்க இங்க தடை பண்ணதுக்கப்புறம் பண்ணைக்காரங்க எங்கிட்ட புரோபயாட்டிக் கேக்கறாங்க, கடைல கிடைக்கறது பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ்தான், பவுடராக்கினாலும் தாங்கற ஜாதி. சீக்கத்துல நெஜமா குடியிருக்கறவன பாக்கெட்ல அடைக்கறதுதான் பாடு. உங்க ஆளு குடலுக்கு நல்லது பண்ற பியூட்டிரேட் அமிலத்த உண்டு பண்றானா?

*

பண்றான் சார், ஜிசி (கேஸ் குரோமடோகிராஃப்) மெஷின்ல அதோட பீக் நல்லாவே வந்துச்சு. ஆனா ஸ்கிம் மில்க்ல ஃப்ரீஸ் டிரை பண்ண (உறையவெச்சு காயவெச்ச) குப்பிகள்ல பாதிக்கு மேல எந்திரிக்கல, இப்ப டிரெஹலோஸ்ங்கற சர்க்கரை சேத்துப் போட்டிருக்கேன், திங்கக்கிழமை திறந்து பாக்கணும்.