லத்தீன் அணிகள்: கயாஸ்மஸ், சிங்கிசிஸ், ஹெண்டியடிஸ் – எப்படிப் பிரித்தறிவது?

வல்லினம் (கேள்வி)
பாடம்: ரோமக் கவிஞர் வர்ஜிலின் ஈனியட் காவியத்தின் 4ஆம் புத்தகம், சதிகாரன் கேட்டிலினுக்கு எதிரான சிசரோவின் உரைகள். மோனையும் அனஃபொராவும் (தொடக்கச் சொல் திரும்பத் திரும்ப வருவது) கண்ணில் பட்டுவிடுகின்றன. சொற்கள் சிதறிக் கிடக்கும் வரிகளில்தான் தடுமாற்றம். கயாஸ்மஸ் என்று எழுதினால் சிங்கிசிஸ் என்று திருத்தி வருகிறது. ஹெண்டியடிஸை (ஒரே கருத்தை 'உம்' போட்டு இரு பெயர்களாகச் சொல்வது) எதை வைத்து உறுதி செய்வது? அணியின் பெயர் சரியாக இருந்தாலும் "அதனால் என்ன?" என்ற கேள்விக்கு என்ன எழுத வேண்டும்?

சீர்பிரி
முதலில் பொருளை ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல், பெயரடை மீதும் பால், எண், வேற்றுமை குறித்து, எது எதோடு இயைகிறதோ அவற்றுக்கு ஒரே எழுத்துப் போடுங்கள். க-ச-ச-க என்று வந்தால் கயாஸ்மஸ். க-ச-க-ச என்றால் சிங்கிசிஸ். நம் எதிர்நிரல்நிறையும் நேர்நிரல்நிறையும் கிட்டத்தட்ட இதேதான். "விலங்கொடு மக்கள் அனையர்" குறளில் விலங்குக்குக் கல்லாதவர், மக்களுக்குக் கற்றவர் என்று தலைகீழாகச் சேர்க்கிறோமே, அந்தக் குறுக்குக் கோடுதான் கயாஸ்மஸ். ஒரு வேறுபாடு: குறளில் எதை எதோடு சேர்ப்பது என்று பொருள் சொல்கிறது, லத்தீனில் விகுதி சொல்கிறது.

ஈனியட் 4.139ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "ஆவ்ரெயா புர்புரெயம் சுப்நெக்டிட் ஃபிபுலா வெஸ்டெம்". சொல்லுக்குச் சொல்: பொன், செவ்வூதா, பிணைக்கிறது, ஊக்கு, ஆடையை. பெயரடை இரண்டும் முன்னே, பெயர்கள் அதே வரிசையில் பின்னே, நட்டநடுவில் வினை. சிங்கிசிஸின் நடுவில் வினை வந்து உட்கார்ந்தால் அது "பொன்வரி". (இந்தப் பெயர் ரோமானியர் வைத்ததல்ல, பிற்கால இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது.)

பலர் சறுக்கும் இடம் 'ஆவ்ரெயா'வின் கடைசி 'அ'. லத்தீன் அச்சில் அது குறிலா நெடிலா என்று தெரியாது. குறில் என்றால் எழுவாய் வேற்றுமை. நெடில் என்றால் அப்ளேட்டிவ் ('ஆல்', 'இருந்து' போன்ற பொருள் தரும் வேற்றுமை), அப்போது கணக்கே மாறிவிடும். இங்கே யாப்பு தீர்ப்புச் சொல்லும். நெடில்-குறில்-நெடில் என்ற அசைவரிசை ஈனியடின் அறுசீர் யாப்பான ஹெக்ஸாமீட்டரில் அப்படியே நுழையாது. ஆகவே இது குறில், 'ஃபிபுலா'வோடுதான் சேரும். எழுத்துப் போடுவதற்கு முன் வரியை ஒருமுறை அலகிட்டுவிடுங்கள்.

மறுகரை
சீர்பிரி சொன்ன முறை சரி. ஆனால் பெயரடை பெயரை விட்டு விலகி நிற்பது லத்தீன் செய்யுளில் அன்றாட நடப்பு. அதையெல்லாம் ஹைப்பர்பேட்டன் (இயையும் சொற்களைப் பிரித்து வைப்பது) என்று குறித்து "வலியுறுத்துகிறது" என்று எழுதுவது வெறும் நிரப்பல். எந்த அணிக்கும் பொருந்தும் வாக்கியம் எந்த அணியையும் விளக்காது.

சொல் நிற்கும் இடமே படமாகும்போது மட்டும் பேசுங்கள். கவிஞர் ஹொராஸின் 'ஓட்ஸ்' (பாடல்கள்) 1.5 முதல் வரி: "க்விஸ் முல்டா கிராகிலிஸ் டே புவெர் இன் ரோசா". 'முல்டா... ரோசா' (நிறைய ரோஜா) இரு பக்கமும் நிற்க, அதற்குள் 'கிராகிலிஸ்... புவெர்' (மெலிந்த இளைஞன்), அவனுக்குள் 'டே' (உன்னை, அதாவது காதலியை). ரோஜாக்கள் அவனைச் சூழ, அவன் அவளைத் தழுவியிருக்கிறான். சொல்வரிசையை மாற்றினால் இந்தப் படம் போய்விடும். இதுதான் "அதனால் என்ன?"வுக்கு விடை.

139க்கும் விடை முந்தைய வரியில் இருக்கிறது. 138இல் அரசி டைடோவின் அம்பறாத்தூணி 'எக்ஸ் ஆவ்ரோ', கூந்தல் முடிந்திருப்பது 'இன் ஆவ்ரும்', அடுத்து 'ஆவ்ரெயா'. இரண்டு வரியில் மூன்று பொன், மூன்றும் வேறு வேறு வடிவம்: பாலிப்டோட்டன். அரசியின் பகட்டு குவிந்துகொண்டே வந்து பொன்வரியில் முடிகிறது. இப்படி எழுதினால் யாரும் திருத்தப் பேனாவை எடுக்க மாட்டார்கள்.

ஏட்டுப்பூச்சி
ஹெண்டியடிஸுக்கு ஒரே சோதனை: 'உம்' போட்டு இணைந்த இரு பெயர்களில் ஒன்றைப் பெயரடையாகவோ ஆறாம் வேற்றுமையாகவோ மாற்றிப் பாருங்கள். வர்ஜிலின் ஜார்ஜிக்ஸ் 2.192இல் "பட்டெரிஸ் லிபாமுஸ் எட் ஆவ்ரோ": கிண்ணங்களாலும் பொன்னாலும் படைக்கிறோம். பொற்கிண்ணங்களால் என்று மாற்றினால் பொருள் சீராக உட்காருகிறது. மாற்றியதும் ஒரு பொருள் காணாமல் போனால் அது வெறும் இணைப்பு.

சிசரோவின் முதல் உரை (கி.மு. 63) தொடக்கத்தில் ஆறு 'நிஹில்' (சற்றும் இல்லை) வருமே, அதிலும் இது ஒளிந்திருக்கிறது. 'டே' (உன்னை) தொடக்கத்திலேயே வந்துவிடும். பிறகு இரவுக்காவல், நகரக் காவலர், மக்களின் அச்சம் என்று ஆறும் இணைப்புச்சொல் இல்லாமல் அடுக்கப்படும். 'மோவேருன்ட்' (அசைத்தன) கடைசியில்தான் வரும். அதுவரை கேட்டிலின் காத்திருக்க வேண்டும். கடைநிலைத் தீவகம் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. ஆறாவதாக வரும் "ஓரா வோல்டுஸ்குவெ", முகங்களும் முகக்குறிப்புகளும், அதாவது முகங்களில் தெரியும் குறிப்பு.

இரண்டாம் உரையின் "அபியிட், எக்ஸ்கெஸ்ஸிட், எவாசிட், எரூபிட்" பற்றி ஒரு எச்சரிக்கை. "வளரும் அடுக்கு" என்று எழுதிவிடாதீர்கள். நான்குக்கும் மும்மூன்று அசைதான், நீளம் வளரவில்லை. போனான், விலகினான், தப்பினான், பீறிட்டான் என்று பொருள்தான் ஏறுகிறது. அசையை எண்ணாமல் 'வளர்கிறது' என்று சொல்லக் கூடாது.

வல்லினம்
இன்னொன்று மட்டும். ஈனியட் 1.355-356இல் 'நுடாவிட்' (திறந்து காட்டினான்) ஒரே வினை. பலிபீடத்துக்கும் வாள் பாய்ந்த மார்புக்கும் சேர்த்து வருகிறது. இது சூக்மாதானே?

மறுகரை
ஆமாம். மார்பைத் திறந்து காட்டுவது நேர்ப்பொருள், பலிபீடத்தைத் 'திறந்து காட்டுவது' அங்கே நடந்த கொலையை அம்பலப்படுத்துவது. ஒரே வினை இரண்டு விதமாக வேலை செய்வதைச் சொல்லுங்கள். மேலே சொன்ன 'மோவேருன்ட்' ஆறு எழுவாய்க்கும் ஒரே பொருளில்தான் வருகிறது, அதனால் அதற்குச் சூக்மா என்று பெயர் போட்டால் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.